வெட்டுப்புள்ளிக்கு இரண்டு குறைவு

"மாஸ்ரர், ரெண்டே ரெண்டு புள்ளி."

தரம் ஆறுக்கான பாடசாலை வெட்டுப்புள்ளிகள் வெளிவந்த மறுநாள் காலை, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தாய் படலையடியில் நின்று சொன்ன முதல் வசனம் இது. மகன் புலமைப்பரிசில் பரீட்சையை நன்றாகத்தான் எழுதியிருந்தான். ஆனால் அவர் ஆசைப்பட்ட நகரத்துத் தேசிய பாடசாலைக்கு அந்தப் புள்ளி போதவில்லை. "இனி இவன்ர படிப்பு என்னாகும்?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் பெடியன் சைக்கிள் மணியைத் திருகிக்கொண்டு நின்றான். பத்து வயது.

கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. ஆனாலும் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் மனம் கனக்கிறது. நல்ல பெறுபேறு காட்டும் பாடசாலை, எந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டாலும் அதே பெறுபேற்றை எடுத்துத் தரும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. இதை நம்பித்தான் குடும்பங்கள் நகரத்துக்கு வீடு மாறுகின்றன. இதை நம்பித்தான் விடிய ஐந்து மணிக்குப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்று அளந்து பார்க்க ஒரு முறை உண்டு. அதைச் சாதாரண மொழியில் சொல்லிவிட முடியும் என்று நினைக்கிறேன்.

உயர்தரப் பெறுபேறு வந்த வாரத்தில் யாழ்ப்பாண வீதிகளில் போனால் பாடசாலை மதில்களில் பதாகைகள் தொங்கும். மூன்று ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள், பெயர்கள், மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை. சற்றுத் தள்ளி ஒரு ரியூசன் நிலையத்தின் வாசலில் இன்னொரு பதாகை. அதே பிள்ளை, அதே படம். இன்னும் கொஞ்சத் தூரம் போனால், அந்தப் பிள்ளை சாதாரண தரம் வரை படித்த ஊர்ப் பாடசாலையின் வாசலிலும் ஒரு வாழ்த்து மட்டை. ஒரு பிள்ளையின் பெறுபேற்றுக்கு மூன்று உரிமைக்காரர். வீட்டில் இராத்திரி பத்து மணிக்கு விளக்கைக் கொளுத்தி வைத்து, தேத்தண்ணி போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் இருந்த தாய்க்குப் பதாகை இல்லை.

இந்த நால்வரில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைப் பெறுபேற்றை மட்டும் வைத்துப் பிரித்தெடுக்க முடியாது. ஒரு சின்னக் கணக்குச் செய்து பார்ப்போம். எண்கள் நான் விளக்கத்துக்காக எடுத்தவை.

'அ' என்ற பாடசாலையில் 100 பிள்ளைகள். அவர்களில் 80 பேர் புலமைப்பரிசிலில் சித்தியடைந்து வந்தவர்கள், 20 பேர் சித்தியடையாதவர்கள். சாதாரண தரத்தில் முதல் வகையினரில் 72 பேரும் இரண்டாம் வகையினரில் 6 பேரும் சிறப்பாகச் செய்கிறார்கள். மொத்தம் 78. 'ஆ' என்ற பாடசாலையிலும் 100 பிள்ளைகள்தான். அங்கே நிலைமை தலைகீழ்: சித்தியடைந்து வந்தவர்கள் 20 பேர், அடையாதவர்கள் 80 பேர். முதல் வகையில் 19 பேரும் இரண்டாம் வகையில் 32 பேரும் சிறப்பாகச் செய்கிறார்கள். மொத்தம் 51.

பத்திரிகையில் வருவது 78, 51 என்ற இரண்டு எண்கள். 'அ'தான் சிறந்தது என்று ஊரே சொல்லும். இப்போது வகை வகையாகப் பாருங்கள். புலமைப்பரிசில் பெற்ற பிள்ளைகளில் 'அ'வில் 90 வீதம், 'ஆ'வில் 95 வீதம். பெறாத பிள்ளைகளில் 'அ'வில் 30 வீதம், 'ஆ'வில் 40 வீதம். எந்த வகைப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டாலும் 'ஆ'தான் கூடக் கொடுக்கிறது. மொத்தக் கணக்கில் அது தோற்றுப்போவது, வாசலுக்குள் நுழையும்போதே பின்தங்கி வந்த பிள்ளைகளை அது நிறைய ஏற்றுக்கொண்டதால்தான். புள்ளிவிபரவியலில் இதைச் சிம்சன் முரண் என்பார்கள். எங்கள் மாவட்டத்தில் எத்தனை 'ஆ' பாடசாலைகள் ஆள் குறைந்து, ஆசிரியர் குறைந்து, மூடும் நிலைக்குப் போயிருக்கின்றன என்று நினைக்கும்போது எனக்கு இது வெறும் கணக்காகத் தெரிவதில்லை.

பாடசாலையை யார் நடத்துவது நல்லது, அரசா தனியாரா என்ற சண்டையும் இந்த முடிச்சிலேயே சிக்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் 1991இல் மினசோற்றா மாநிலம் சார்ட்டர் பாடசாலைகளுக்குச் சட்டம் இயற்றியது. காசு அரசாங்கத்துடையது, நிர்வாகம் வேறொரு சபையுடையது, பிள்ளைகளிடம் கட்டணம் இல்லை. அவை அரச பாடசாலைகளைவிடச் சிறந்தவையா என்று முப்பது வருடத்துக்கு மேலாக அங்கே வாதாடுகிறார்கள். யாழ்ப்பாணத்தானுக்கு இந்த ஏற்பாட்டைக் கேட்டால் எங்கேயோ கண்ட முகம் மாதிரி இருக்கும். எங்கள் பாட்டன்மார் படித்தது அநேகமாக அப்படிப்பட்ட பாடசாலைகளில்தான்.

அமெரிக்க மிஷன் 1816இல் தெல்லிப்பழையில் தொடங்கியது, வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி கட்டியது, நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது, துரையப்பாபிள்ளை 1910இல் மகாஜனாவை நிறுவியது என்று எங்கள் கல்வி வரலாறு முழுக்கச் சபைகளும் சமூகங்களும் நடத்திய பாடசாலைகளின் வரலாறு. 1869இல் பொதுப் போதனாத் திணைக்களம் வந்த பிறகு அவற்றில் பலவற்றுக்கு அரசாங்கம் உதவி நன்கொடை கொடுத்தது. அந்த நன்கொடையைக் கொடுத்த விதமும் கவனிக்க வேண்டியது. இங்கிலாந்தில் 1862இல் கொண்டுவந்த வழக்கத்தைப் பின்பற்றி, பெறுபேற்றுக்கு ஏற்பக் காசு. பரிசோதகர் ஒருநாள் வருவார், பிள்ளை பிள்ளையாக வாசிப்பும் எழுத்தும் கணக்கும் சோதிப்பார், சித்தியடைந்த தலைகளை எண்ணிப் பணம். விளைவு எதிர்பார்க்கக்கூடியதுதான். பரிசோதகர் கேட்கப்போவதை மட்டும் உருப்போட வைத்தார்கள். பிள்ளை எங்கிருந்து தொடங்கியது என்று பாராமல் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்துப் பரிசு கொடுத்தால், பலவீனமான பிள்ளை பாடசாலைக்குச் சுமையாகிவிடும். நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் வேறு உருவத்தில் எங்களோடு இருக்கிறது.

பிறகு 1960 வந்தது. உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் சட்டம் அந்த ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது, அடுத்த ஆண்டு இன்னொரு சட்டம் அதை முழுமையாக்கியது. நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான பாடசாலைகள் அரசின் கைக்குப் போயின. பெரிய பாடசாலைகளுக்கு மட்டும் ஒரு தெரிவு இருந்தது: தனியாராகவே நிற்கலாம், ஆனால் அரச உதவியும் இல்லை, பிள்ளைகளிடம் கட்டணமும் வாங்கக்கூடாது. பருத்தித்துறை ஹாட்லி, வேம்படி, மத்திய கல்லூரி ஆகியவை அரசோடு போயின. பரியோவான், சம்பத்திரிசியார், யாழ்ப்பாணக் கல்லூரி, சுண்டுக்குளி, உடுவில் ஆகியவை தனியாராக நின்றன. திருச்சபையும் பழைய மாணவரும் கொடுத்ததை வைத்து அவை தாக்குப்பிடித்த வருடங்கள் கடினமானவை.

ஒரே மண், ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சை, இரண்டு வகை நிர்வாகம். விஞ்ஞானி ஒருவர் ஆய்வுகூடத்தில் ஏற்பாடு செய்த பரிசோதனை மாதிரித் தெரிகிறது, இல்லையா? நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பரிசோதனை என்றால் எது எந்தப் பக்கம் போகும் என்பதைத் தற்செயல் தீர்மானிக்க வேண்டும். இங்கே தீர்மானித்தது பலம். கையில் காசும் பின்னால் ஆளும் இருந்த பாடசாலைதான் தனித்து நிற்கத் துணிந்தது. அதன் பிறகு போர். தெல்லிப்பழைப் பாடசாலைகள் 1990இல் கட்டிடங்களை விட்டு இடம்பெயர்ந்தன. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே ஒரே இரவில் எழுந்து நடந்தது. பெயர்ப்பலகையை மட்டும் தூக்கிக்கொண்டுபோய், வேறொரு பாடசாலையின் வளவில் மாலை நேரத்தில் வகுப்பு நடத்திய காலத்துப் பெறுபேற்றை நிர்வாகத்தின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

தற்செயலை எங்கே தேடுவது? அமெரிக்க ஆய்வாளர்கள் அதைத் திருவுளச் சீட்டில் கண்டுபிடித்தார்கள். சார்ட்டர் பாடசாலையில் இடம் 100, விண்ணப்பம் 300 என்றால், சட்டப்படி சீட்டுக் குலுக்க வேண்டும். சீட்டு விழுந்த பிள்ளைகளும் விழாத பிள்ளைகளும் விண்ணப்பித்த குடும்பங்களின் பிள்ளைகள்தான். அக்கறை ஒன்று, வீட்டு நிலை சராசரியில் ஒன்று. வித்தியாசம் அந்தச் சீட்டு மட்டும். சில வருடம் கழித்து இரு கூட்டத்தையும் ஒப்பிட்டால் தெரிவது பாடசாலையின் கைவேலை. 2021இல் பொருளியலுக்கான நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவரான ஜோசுவா ஆங்கிரிஸ்ற்றும், பராக் பதக் முதலியோரும் பொஸ்ரன் நகரத்தில் இப்படிச் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. நடுநிலை வகுப்புக் கணிதத்தில் சீட்டு விழுந்த பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 0.4 நியம விலகல் முன்னேறினார்கள். 2001 முதல் பல்கலைக்கழக அனுமதியை இசட் புள்ளியில் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை. தசமத்தின் நான்காம் இடத்தில் மருத்துவபீடத்தைத் தவறவிட்ட பிள்ளைகள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள்.

ஆனால் பொஸ்ரன் இருக்கும் அதே மாநிலத்தில் நகரத்துக்கு வெளியே உள்ள சார்ட்டர் பாடசாலைகளை அதே முறையில் பார்த்தபோது முன்னேற்றம் இல்லை, சில இடங்களில் சறுக்கல். ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் ஒன்று சீட்டுக் குலுக்கலை நம்பாமல், ஒத்த பின்னணியுள்ள பிள்ளைகளைச் சோடி சேர்த்து 16 ஆட்புலங்களில் பார்த்து 2009இல் சொன்னது இன்னும் தெளிவானது: கணிதத்தில் 17 வீதமான சார்ட்டர் பாடசாலைகள் அயல் அரச பாடசாலைகளைவிட மேல், 37 வீதமானவை கீழ், மிகுதி சமம். பெயர்ப்பலகையில் 'சார்ட்டர்' என்று இருப்பதை வைத்துத் தாய்தகப்பன் ஒன்றையும் முடிவுகட்ட முடியாது.

எங்களுக்குக் கிட்டிய உதாரணம் ஆந்திராவில் இருக்கிறது. 2008இல் தொடங்கி நான்கு வருடம், 180 கிராமங்களில், கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் பாடசாலைக்குப் போகச் சீட்டுக் குலுக்கி உதவித்தொகை கொடுத்துப் பார்த்தார்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் செய்த ஆய்வு. தெலுங்கிலும் கணிதத்திலும் தனியாருக்குப் போன பிள்ளைக்கும் அரச பாடசாலையில் இருந்த பிள்ளைக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் தனியார் பாடசாலைகள் அந்த இரண்டு பாடத்துக்கும் குறைந்த நேரம் செலவழித்து, மிச்சமான நேரத்தில் ஹிந்தி சொல்லிக்கொடுத்தன. ஹிந்தியில் பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். ஒரு பிள்ளைக்கான செலவும் அரச பாடசாலையின் மூன்றில் ஒன்றளவுதான். இதைத் தனியாரின் வெற்றி என்றும் வாசிக்கலாம், தோல்வி என்றும் வாசிக்கலாம். ஒவ்வொரு வாசிப்பிலும் உண்மை இருக்கிறது.

எங்களிடம் சீட்டு இல்லை. ஆனால் அதற்குச் சமமான ஒன்று இருக்கிறது, அதுதான் அந்தத் தாயை எங்கள் படலையடிக்கு வர வைத்தது. வெட்டுப்புள்ளி.

200 புள்ளிப் பரீட்சையில் 190 எடுத்த பிள்ளைக்கும் 110 எடுத்த பிள்ளைக்கும் உண்மையான வித்தியாசம் உண்டு. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி மேலே நின்ற பிள்ளைக்கும் இரண்டு புள்ளி கீழே நின்ற பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்? அன்று காலை ஒரு பிள்ளைக்குத் தடிமன். ஒரு பிள்ளை வினாவை அவசரத்தில் மாறி வாசித்தது. அவ்வளவுதான். கோட்டுக்கு இரு பக்கமும் மிக அருகில் நிற்கும் பிள்ளைகளைத் தற்செயல்தான் பிரித்தது. ஆகவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி போல ஆறாம் தரத்தில் தொடங்கும் பாடசாலை ஒன்றுக்குள் மயிரிழையில் நுழைந்த பிள்ளைகளையும், மயிரிழையில் தவறி ஊர்ப் பாடசாலையில் இருந்த பிள்ளைகளையும் சாதாரண தரத்தில் ஒப்பிட்டால், பாடசாலை சேர்த்தது எவ்வளவு என்று கிட்டத்தட்டச் சீட்டுக் குலுக்கலின் தெளிவோடு தெரியும்.

உலகத்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பொஸ்ரன், நியூயோர்க் நகரங்களில் நுழைவுப் பரீட்சை வைத்துப் பிள்ளை எடுக்கும் பெயர்பெற்ற அரச பாடசாலைகளை ஆங்கிரிஸ்ற் குழுவினர் இந்த முறையில் ஆராய்ந்து 2014இல் எழுதினார்கள். கோட்டுக்குச் சற்று மேலே நின்று உள்ளே போன பிள்ளைக்குக் கெட்டிக்காரச் சகபாடிகள் கிடைத்தார்கள், பெயர் கிடைத்தது. பரீட்சைப் புள்ளியில் மட்டும் சொல்லத்தக்க கூடுதல் இல்லை. கென்யாவின் தேசிய பாடசாலைகளிலும் அதே முடிவு. திரினிடாட்டில் கதை வேறு: அங்கே மேலான பாடசாலைக்குப் போன பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், உண்மையாகவே முன்னேறினார்கள். ஆகவே பெரிய பாடசாலை ஒன்றும் செய்வதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பாடசாலைகளை எங்கள் பிள்ளைகளை வைத்து அளக்க வேண்டும் என்கிறேன். ஒரே பிள்ளையின் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் மூன்றையும் நடத்துவது ஒரே பரீட்சைத் திணைக்களம். பெயர்களை நீக்கிவிட்டு இந்த மூன்றையும் பிள்ளை பிள்ளையாக இணைத்து ஆய்வாளர் கையில் கொடுத்தால், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம், யாழ்ப்பாணம் ஆகிய ஐந்து வலயங்களிலும் எந்தப் பாடசாலை பிள்ளையை உயர்த்துகிறது, எது உயர்ந்த பிள்ளையை எடுத்துவைத்துக்கொள்கிறது என்பது வெளிச்சமாகும்.

எங்கள் ஊருக்கென்றே சில பொறிகளும் உண்டு. பெரியது ரியூசன். கொக்குவிலிலோ நெல்லியடியிலோ பின்னேரம் ஒரு இரசாயனவியல் வகுப்புக்குப் போய்ப் பாருங்கள். தகரக் கொட்டகை, நீள வாங்குகள், முன்னால் ஒலிவாங்கியோடு ஆசிரியர். ஒரே வாங்கில் தேசிய பாடசாலைப் பிள்ளை, மாகாணப் பாடசாலைப் பிள்ளை, தனியார் பாடசாலைப் பிள்ளை. மூவரும் ஒரே 'ருட்' தாளை மடித்து ஒரே கொப்பிக்குள் வைக்கிறார்கள். காலையில் எந்தச் சீருடை போட்டார்கள் என்பதை வைத்து அவர்களின் பெறுபேற்றைப் பிரித்து எழுதினால் நாங்கள் ஒப்பிடுவது எதை?

அடுத்தது, உயர்தரத்துக்கு இடம் மாறுவது. சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்த ஊர்ப் பாடசாலைப் பிள்ளை கணிதப் பிரிவுக்கோ உயிரியல் பிரிவுக்கோ நகரத்துக்குப் போய்விடும். பதினொரு வருடம் வளர்த்தது ஒரு பாடசாலை, பதாகையில் பெயர் இன்னொரு பாடசாலைக்கு. மிச்சம் இருக்கிற பிள்ளைகளை வைத்து ஊர்ப் பாடசாலையின் உயர்தரப் பெறுபேற்றைக் கணக்கிட்டால் அது ஒவ்வொரு வருடமும் தோற்கும். நெடுந்தீவு போன்ற இடத்தில் இது இன்னும் கடுமை. குறிகட்டுவானிலிருந்து குமுதினிப் படகில் வந்துபோகும் ஆசிரியருக்குக் கடல் கொந்தளித்தால் அன்றைக்குப் பாடம் இல்லை. உயர்தரம் எழுதுவது பத்துப் பேர் என்றால், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே பாடசாலையின் சித்தி வீதம் பத்துக் குறையும். ஒரு வருடப் பெறுபேற்றை வைத்து அப்படிப்பட்ட பாடசாலையைத் தரப்படுத்துவது, ஒரு நாள் மழையை வைத்து மாரிகாலத்தைச் சொல்வது மாதிரி.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், சொல்ல மனம் நோகிறது. பகுதியெண்ணைப் பார்க்காமல் வீதம் பேசக்கூடாது என்று எட்டாம் வகுப்பிலேயே படிப்பிக்கிறோம். ஆனால் பெறுபேறு விழுந்துவிடும் என்று பயந்து, பலவீனமான பிள்ளையைக் கணிதப் பிரிவில் இருந்து வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லித் தாய்தகப்பனைக் கூப்பிட்டுப் பேசுவது இந்த நாட்டில் நடக்கிறது. அந்தப் பிள்ளை பகுதியெண்ணில் இருந்து மறைந்துவிடும். வீதம் அழகாக வரும்.

அப்படியானால் பாடசாலைக்குள் எது உண்மையில் பிள்ளையை உயர்த்துகிறது? அமெரிக்காவில் 1966இல் ஜேம்ஸ் கோல்மன் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவரை ஆராய்ந்து, பாடசாலைக் கட்டிடத்தையும் செலவையும்விட வீட்டுப் பின்னணிதான் பலமானது என்று சொன்னபோது பலர் கைவிட்டுவிட்டார்கள். பொஸ்ரன் முடிவுகள் அந்த மனச்சோர்வைக் கொஞ்சம் நீக்கின. அதைவிட எனக்குப் பிடித்தது ஹூஸ்ரனில் ரோலன்ட் ஃபிரையர் செய்தது. வெற்றிகரமான சார்ட்டர் பாடசாலைகளில் கண்ட ஐந்து பழக்கங்களை, அதாவது கூடுதல் பாட நேரம், நல்ல அதிபரும் ஆசிரியரும், சின்னக் குழுக்களாக அன்றாடம் மேலதிகப் பயிற்சி, அடிக்கடி சோதித்து அதற்கேற்பப் பாடத்தை மாற்றுதல், பிள்ளையால் முடியும் என்ற எதிர்பார்ப்பு, இவற்றை எடுத்து 2010இல் தொடங்கி 20 பின்தங்கிய அரச பாடசாலைகளில் புகுத்தினார். உரிமை மாறவில்லை, பிள்ளைகள் மாறவில்லை. கணிதத்தில் தெளிவான முன்னேற்றம். வாசிப்பில் அவ்வளவு இல்லை. கைமாற்றக்கூடியது பழக்கம்தான் என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது. அந்தச் சின்னக் குழுப் பயிற்சியைத்தான் எங்கள் பெற்றோர் காசு கொடுத்து வெளியே தேடுகிறார்கள், கிடைப்பதோ இருநூறு பேர் இருக்கும் கொட்டகை.

அந்தத் தாய்க்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. அவர் மகன் போகப்போகும் ஊர்ப் பாடசாலைக்குப் போய், அதிபரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்கச் சொன்னேன். போன தடவை சாதாரண தரம் எழுதின வகுப்பு ஆறாம் தரத்தில் சேரும்போது எத்தனை பேர், அதில் எத்தனை பேர் கடைசி வரை இருந்து கணிதத்தில் சித்தியடைந்தார்கள்? ஏ எத்தனை என்று கேட்க வேண்டாம் என்றேன். அதோடு, தரம் ஆறுக்குக் கணிதம் எடுப்பது யார், அவர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்றும் பார்த்துவரச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து வந்தார். பெடியனும் கூட வந்திருந்தான், சைக்கிள் சீற்றைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தான்.

"கேட்டனான் மாஸ்ரர். அதிபர் கொஞ்ச நேரம் ஒண்டும் பேசேல்லை. இப்பிடி ஒருத்தரும் வந்து கேட்டதில்லை எண்டார். பிறகு அலுமாரியைத் திறந்து, ஆறு வருசத்துக்கு முந்தின இடாப்பை எடுத்துத் தூசி தட்டி, மேசையில வச்சு, பேனையால ஒவ்வொரு பேராய் எண்ணத் தொடங்கிட்டார்."